அந்த ஸ்லோ பேஜை நீங்களே கேட்டு வாங்குங்கள்

அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜருக்கு ஞாபகம் வருவது இரண்டே வகை வேலைகள். ஒன்று, நீங்கள் உடைத்தது. இன்னொன்று, கிளையன்ட் தன் வாயாலேயே 'இப்ப நல்லா இருக்கு' என்று சொன்னது. மற்றபடி வருஷம் முழுக்க நீங்கள் மூடிய டிக்கெட்டுகள் ஜிராவில் பத்திரமாக இருக்கும். யார் மனதிலும் இருக்காது.

இரண்டாவது வகையில் இடம்பிடிக்கச் சுலபமான வழி வேகம். எந்த ப்ராடக்டை எடுத்தாலும், எல்லாரும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் பேஜ் ஒன்று இருக்கும். கிளிக் செய்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். 'அது பழைய கோடு, கை வைக்காதே' என்று டீமில் எல்லாரும் ஒதுங்கிப் போயிருப்பார்கள். அந்தப் பேஜை நீங்கள் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை பெரும்பாலும் டேட்டாபேஸ் பக்கம் இருக்கும். தீர்வில் ஒரு பங்கு கேச்சாக இருக்கும்.

கேச் போடுவது நாலு வரி கோடு. ஃப்ரெஷர் எழுதுவார், ஏஐ டூலும் எழுதித் தரும். அதற்காக யாரும் உங்களுக்கு ஹைக் தரப்போவதில்லை. எந்தத் தகவல் எவ்வளவு நேரம் பழையதாக இருக்கலாம், அது பிசகினால் யாருக்கு நஷ்டம், கேச் சர்வர் விழுந்தால் டேட்டாபேஸ் தாங்குமா என்ற மூன்று கேள்விக்கும் கையில் பதில் வைத்திருப்பவரைத்தான் சீனியர் என்று கூப்பிடுகிறார்கள். அந்த மூன்றையும் பிடிப்பதற்கான வழி இது.

1. கோடைத் தொடுவதற்கு முன் அளவெடுங்கள்.

'ஸ்லோவா இருக்கு' என்பது புகார். அதை எண்ணாக மாற்றுவதுதான் உங்கள் முதல் வேலை. சராசரியை நம்பாதீர்கள். 100 ரிக்வெஸ்டில் 95 எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்று பாருங்கள். பி95 என்பது அதுதான். கோபமாக ஃபோன் செய்யும் வாடிக்கையாளர் அந்தக் கடைசி 5-ல்தான் இருப்பார்.

அடுத்து, எந்தக் குவெரி நேரத்தைத் தின்கிறது? போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனை ஆன் செய்தால், ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தந்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் ஸ்லோ குவெரி லாக். இதில் ஒரு பொறி இருக்கிறது: அந்த லாக் வழக்கமாக ஆஃப் ஆகவே இருக்கும். ஆன் செய்தாலும் 10 நொடிக்கு மேல் ஓடும் குவெரியை மட்டும்தான் எழுதும். அந்த வரம்பைக் குறைக்காமல் லாக்கைத் திறந்து பார்த்துவிட்டு 'எல்லாம் சுத்தமாக இருக்கிறது' என்று ரிப்போர்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த லிஸ்டில் சேர வேண்டாம்.

மொத்த நேரத்தைப் பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன்? 8 நொடி எடுக்கும் ரிப்போர்ட் குவெரி நாளுக்கு 20 முறை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 நொடி. 40 மில்லிசெகண்ட் குவெரி ஒன்று 3 லட்சம் முறை ஓடுகிறது. மொத்தம் 12,000 நொடி, அதாவது 200 நிமிஷம். எல்லார் கண்ணும் 8 நொடிக் குவெரி மேல்தான் இருக்கும். சர்வரை அழுத்துவது அந்த 40 மில்லிசெகண்ட் ஆசாமி.

இந்த எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு சேமியுங்கள். 'முன்பு' என்ற எண் கையில் இல்லாவிட்டால் 'பின்பு' என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

2. கேச்சை யோசிக்கும் முன் இன்டெக்ஸ்.

டிசைன் ரிவ்யூவில் 'கேச்சுக்கு ரெடிஸ் போடலாம்' என்று நீங்கள் ஆரம்பித்ததும் ஆர்க்கிடெக்ட் கேட்கும் முதல் கேள்வி, 'எக்ஸ்ப்ளெயின் பார்த்தீங்களா?' என்பதுதான். அப்போது முழிக்காதீர்கள்.

ஒரு பஸ் டிக்கெட் தளத்தை எடுத்துக்கொள்வோம். புக்கிங் டேபிளில் 60 லட்சம் ரோ. ஒரு ஆபரேட்டருக்கு இன்றைய புக்கிங் என்னென்ன என்று கேட்கிறீர்கள். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் ஓட்டினால் மேலேயே 'சீக் ஸ்கேன்' என்று வருகிறது. அதற்குக் கீழே, 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' என்ற வரிக்குப் பக்கத்தில் 59 லட்சத்துச் சொச்சம். 200 ரோவைத் தருவதற்காக மொத்த டேபிளையும் படித்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆபரேட்டர், தேதி இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸாகப் போட்டால் அந்த வரியே காணாமல் போகும். நேரம் நொடிகளிலிருந்து மில்லிசெகண்டுக்கு இறங்கும். இந்த நிலையில் கேச் போட்டிருந்தால் நோயை மூடி வைத்ததாக ஆகியிருக்கும். கேச் காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த முழு ஸ்கேனுக்காகக் காத்திருப்பார்.

இரண்டாவது சந்தேக நபர் என் ப்ளஸ் ஒன். 50 பஸ்களைக் காட்டும் பேஜ். லிஸ்டுக்கு ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு பஸ்ஸின் ஆபரேட்டர் பெயருக்கும் தனித்தனியாக ஒன்று. ஆக 51 குவெரி. கோடைப் படித்தால் தெரியாது, ஓஆர்எம் அவ்வளவு அழகாக மறைத்து வைத்திருக்கும். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், லாராவெலில் வித். ஒரு வார்த்தை சேர்த்தால் 51 என்பது ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும்.

மூன்றாவது, டேட்டாபேஸுக்கே சொந்தமாகக் கேச் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பஃபர் பூல், போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ். இரண்டுக்கும் டிஃபால்ட் அளவு 128 எம்பிதான். 32 ஜிபி மெமரி உள்ள சர்வரை வாங்கி வைத்துக்கொண்டு, 128 எம்பி-யில் ஓட்டிக்கொண்டு, மேலே ஒரு ரெடிஸ் சர்வருக்கும் பில் கட்டும் கம்பெனிகள் உண்டு. டிபிஏ இருந்தால் அவரிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் நீங்களே பாருங்கள்.

இந்த மூன்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டால் வருத்தப்படாதீர்கள். 'புது சர்வர் செலவில்லாமல் முடித்தேன்' என்ற வாக்கியம் எந்த மேனேஜர் காதிலும் ரெடிஸைவிட இனிமையாக விழும்.

3. எதைக் கேச் செய்யலாம் என்று கோடைக் கேட்காதீர்கள், பிசினஸைக் கேளுங்கள்.

இது டெவலப்பர்கள் தவிர்க்கும் உரையாடல். தவிர்க்காதவருக்கு லாபம். ப்ராடக்ட் ஓனரிடம் போய், 'கேச் டிடிஎல் எவ்வளவு வைக்கலாம்?' என்று காலாவதி நேரத்தைக் கேட்டால் அவர் உங்களையே திருப்பிக் கேட்பார். கேள்வியை மாற்றுங்கள்: 'இந்த எண் 5 நிமிஷம் பழையதாகத் தெரிந்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா?'

அதே பஸ் தளத்துக்கு வருவோம். கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு எந்தெந்த ஆபரேட்டர் ஓட்டுகிறார், எங்கெங்கே நிறுத்தம் என்பது அடிக்கடி மாறாது. ஒரு நாள்கூடக் கேச்சில் வைக்கலாம். கட்டணம் மாறும், சில நிமிஷம் போதும். சர்ச் பேஜில் '12 சீட் காலி' என்று காட்டுவது 30 நொடி பழையதாக இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பணம் கட்டும் படிக்கு வந்துவிட்டால், அந்த சீட் காலியா என்பதை டேட்டாபேஸில்தான் கேட்க வேண்டும், அதுவும் அந்த ரோவைப் பூட்டி. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, 'கேச் கொஞ்சம் பழசு' என்று கஸ்டமர் கேரில் விளக்கம் சொல்ல முடியாது.

கவனியுங்கள்: ஒரே தகவலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதி. சீட் எண்ணிக்கை சர்ச்சில் கேச்சிலிருந்து வரலாம், பேமென்ட்டில் வரக் கூடாது. இந்த வேறுபாட்டை ஒரு பக்க நோட்டாக எழுதி, ப்ராடக்ட் ஓனரின் 'ஓகே'யை மெயிலில் வாங்கி வையுங்கள். நாளைக்குப் பஞ்சாயத்து வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த மெயில்தான்.

மாத ரிப்போர்ட், டாஷ்போர்டு மாதிரி கனமான கூட்டல் கணக்குகளுக்கு ரெடிஸ்கூட வேண்டாம். போஸ்ட்கிரெஸின் மெட்டீரியலைஸ்டு வியூ போதும். புதுப்பிக்கும்போது படிப்பவர்கள் நிற்காமல் இருக்க கன்கரன்ட்லி என்று சேருங்கள். அதற்கு அந்த வியூவில் ஒரு யுனீக் இன்டெக்ஸ் அவசியம்.

4. கீ வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரும்பாலான டீம்களில் இருப்பது கேச் அசைட் முறை. முதலில் கேச்சைப் பார், இல்லாவிட்டால் டேட்டாபேஸுக்குப் போ, கிடைத்ததைக் கேச்சில் போட்டுவிட்டுத் திரும்பு. இதில் ஆபத்து முழுவதும் கீயில் இருக்கிறது. விடையை மாற்றக்கூடிய எல்லாமே கீயில் இருக்க வேண்டும்: யூசர், மொழி, ஊர், எந்தக் கம்பெனியின் டேட்டா, ஃபில்டர்கள். டேட்டாவின் வடிவம் மாறும்போது கூட்ட ஒரு வெர்ஷன் எண்ணும். ஒன்றை விட்டால், ஒருவருடைய பேஜ் இன்னொருவருக்குப் போகும்.

நடக்காத கதை இல்லை. 2015 டிசம்பர் 25 அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கேம் ஸ்டோரில் இதுதான் நடந்தது. பண்டிகை சேல், கூடவே ஒரு டிடாஸ் தாக்குதல். சமாளிக்க அவசரமாக ஏற்றிய கேச் அமைப்பு, லாகின் செய்தவர்களின் பேஜையும் சேர்த்துக் கேச் செய்துவிட்டது. ஒருவர் பேஜைத் திறந்தால் முன்பின் தெரியாத இன்னொருவரின் பில்லிங் முகவரியும் வாங்கிய பட்டியலும் தெரிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 34,000 பேர் என்று வால்வே அறிவித்தது. 2023 மார்ச் 20-ல் சாட்ஜிபிடியில் பிறருடைய சாட் தலைப்புகள் தெரிந்ததும் இதே ஜாதிச் சம்பவம்தான். அங்கே கீ தப்பில்லை. ரெடிஸோடு பேசும் பைதான் லைப்ரரியில் ஒரு பக். பாதியில் ரத்தான ரிக்வெஸ்டின் பதில் அடுத்த ரிக்வெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த இரண்டு கதையையும் இன்டர்வியூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'கேச்சில் செக்யூரிட்டி ரிஸ்க் என்ன?' என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் பாஸ்வேர்டு என்று ஆரம்பிப்பார்கள்.

5. பழைய தகவலை எப்படி வெளியேற்றுவீர்கள்?

சீனியரையும் ஜூனியரையும் பிரிக்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கட்டணம் 850-லிருந்து 920 ஆகிறது. கேச்சில் 850 இருக்கிறது. முதல் யோசனை, கேச்சிலும் 920 என்று எழுதிவிடலாம் என்பது. வேண்டாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் மாற்றினால் டேட்டாபேஸில் ஒன்றும் கேச்சில் வேறொன்றும் நின்றுவிடும். கீயை டெலீட் செய்யுங்கள். அடுத்து வருபவர் டேட்டாபேஸிலிருந்து புதியதை எடுத்துக்கொள்வார்.

எப்போது டெலீட் செய்வது? கமிட் முடிந்த பிறகு. முன்னாலேயே டெலீட் செய்தால், டெலீட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவில் ஒருவர் வந்து பழைய 850-ஐப் படித்து மறுபடி கேச்சில் வைத்துவிட்டுப் போவார்.

சரி, கமிட்டுக்குப் பிறகு டெலீட் செய்தாயிற்று. பாதுகாப்பா? இல்லை. ஒரு ரிக்வெஸ்ட் கேச்சில் ஒன்றும் கிடைக்காமல் டேட்டாபேஸுக்குப் போய் 850-ஐப் படித்துவிட்டது. அதைக் கேச்சில் வைப்பதற்குள் சர்வர் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்த இடைவெளியில் 920 கமிட் ஆகி, கீயும் டெலீட் ஆகிறது. பிறகு முதல் ரிக்வெஸ்ட் எழுந்து, கையிலிருந்த 850-ஐக் கேச்சில் வைக்கிறது. எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் கேச்சில் பொய். டிடிஎல் 5 நிமிஷம் வைத்திருந்தால் 5 நிமிஷப் பொய். டிடிஎல்லே வைக்காவிட்டால், யாராவது புகார் செய்யும்வரை.

அதனால் டிடிஎல் இல்லாமல் ஒரு கீயும் வைக்காதீர்கள். 'நான்தான் டெலீட் செய்கிறேனே' என்ற நம்பிக்கை வேண்டாம்.

ஃபேஸ்புக் இதற்கு லீஸ் என்று ஒரு வழி வைத்திருந்தது. கேச்சில் கிடைக்காதபோது, கேச் சர்வரான மெம்கேச்டு ஒரு டோக்கனைக் கையில் கொடுக்கும். அந்த டோக்கனைக் காட்டினால்தான் மதிப்பை எழுதலாம். நடுவில் கீ டெலீட் ஆகியிருந்தால் டோக்கன் செல்லாது. 2013-ல் என்எஸ்டிஐ மாநாட்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இது விரிவாக இருக்கிறது. பேக்எண்டில் மேலே போக நினைப்பவர் ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கலாம். கடன் வாங்கிப் படிக்கும் பல கோர்ஸ்களைவிட அதில் விஷயம் அதிகம், இலவசமாகவும் கிடைக்கிறது.

மைஎஸ்கியூஎல்லிலேயே முன்பு குவெரி கேச் என்று ஒன்று இருந்தது. ஒரு டேபிளில் ஒரு ரோ மாறினாலும் அந்த டேபிளைத் தொட்ட எல்லா விடைகளையும் தூக்கி எறியும். அடிக்கடி எழுதப்படும் டேபிளில் அதுவே பாரமாகிவிட்டது. 2018-ல் வந்த 8.0-வில் அதை எடுத்தேவிட்டார்கள். பழைய பிளாக்கைப் பார்த்துவிட்டு 'குவெரி கேச்சை ஆன் செய்யலாமே' என்று மீட்டிங்கில் சொன்னால், கடைசியாக எப்போது படித்தீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

6. ஹிட் ரேஷியோ: டாஷ்போர்டில் சின்ன எண், டேட்டாபேஸில் பெரிய அடி.

ஆயிரம் ரிக்வெஸ்டில் 900-க்குக் கேச்சிலேயே பதில் கிடைத்தால் 90 சதவீதம். டேட்டாபேஸுக்கு 100 போகிறது. அதை 99-ஆக்கினால் போவது 10. டாஷ்போர்டில் 9 புள்ளிதான் வித்தியாசம், டேட்டாபேஸுக்குப் பத்து மடங்கு நிம்மதி. ரிவ்யூவில் இப்படிச் சொல்லுங்கள், எடுபடும்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். 99-ல் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒரு டெப்ளாய் கீயின் பெயரை மாற்றிவிட்டது. கேச் காலி. 10 போன இடத்தில் இப்போது 1000 போகிறது, நூறு மடங்கு. இத்தனை நாள் கேச்சின் நிழலில் இருந்த டேட்டாபேஸை அந்த நம்பிக்கையில் சின்ன சர்வருக்கு வேறு மாற்றியிருப்பார்கள்.

டேட்டாபேஸ் மீது இப்படி எல்லாம் ஒரேயடியாக விழுந்ததால்தான் 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் விழுந்தது. கேச்சில் தப்பான கான்ஃபிகரேஷன் மதிப்பு இருந்தால் அதைத் தானாகத் திருத்தும் ஒரு ஏற்பாடு இருந்தது. மூலத்திலேயே ஒரு தவறான மதிப்பு ஏறிவிட்டது. எல்லா கிளையன்ட்டுகளும் அதைத் திருத்த டேட்டாபேஸுக்குப் பாய்ந்தன. நொடிக்கு லட்சக்கணக்கான குவெரி. டேட்டாபேஸ் திணறி எரர் கொடுத்தது. அந்த எரரையும் 'தவறான மதிப்பு' என்றே எடுத்துக்கொண்டு, கேச்சில் இருந்த கீயை டெலீட் செய்தன. மறுபடி டேட்டாபேஸ். மூலத்தைச் சரிசெய்த பிறகும் சுழல் நிற்கவில்லை. கடைசியில் சைட்டையே நிறுத்தி, டேட்டாபேஸை மூச்சுவிட வைத்துப் பிறகு மெதுவாகத் திறந்தார்கள்.

உங்கள் கோடில் இதற்கு நேர் பாடம்: டேட்டாபேஸ் எரர் கொடுத்தால் கேச்சைத் தொடாதீர்கள். பழைய மதிப்பு இருந்தால் அதையே காட்டுங்கள். ரீட்ரைக்கு எண்ணிக்கை வரம்பு வையுங்கள்.

7. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

ஹோம் பேஜின் கீ ஒன்று காலாவதியாகிறது. அந்த நொடியில் 500 பேர் வருகிறார்கள். 500 பேருக்கும் கேச்சில் ஒன்றும் இல்லை. 500 பேரும் ரேஷன் கடை ஷட்டர் தூக்கிய மாதிரி ஒரே குவெரியோடு டேட்டாபேஸ் மேல் விழுகிறார்கள். ஸ்டாம்பீட் என்பார்கள். வழி இரண்டு. ஒருவர் மட்டும் போய் எடுத்து வரட்டும், மற்றவர்கள் சற்றுக் காத்திருக்கட்டும் அல்லது பழையதை வாங்கிக்கொள்ளட்டும். இதற்கு ரெடிஸில் ஒரு சின்னப் பூட்டு (லாக்) போதும். மேலே சொன்ன ஃபேஸ்புக் கட்டுரையிலேயே இதற்கு எண் இருக்கிறது: ஸ்டாம்பீடுக்கு ஆளாகும் கீகளில் லீஸ் இல்லாமல் நொடிக்கு 17,000 வரை போன குவெரி, லீஸ் போட்டதும் 1,300-க்கு இறங்கியது.

இரண்டாவது வழி, பல கீகள் சேர்ந்து ஒரே நொடியில் காலாவதியாவதைத் தடுக்க. இது இன்னும் சுலபம். எல்லாக் கீக்கும் அச்சாக 300 நொடி வைக்காதீர்கள். 270-க்கும் 330-க்கும் நடுவில் ரேண்டமாக ஒன்று வையுங்கள். ஒரே வரி கோடு. கோடு ரிவ்யூவில் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் சீனியர்கள் உங்களைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

8. டூல் சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மெம்கேச்டு 2003-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னலுக்காக எழுதியது. ரெடிஸ் 2009-ல் இத்தாலிக்காரரான சால்வடோர் சான்ஃபிலிப்போ தன் லாக் அனலைசர் தளத்துக்கு மைஎஸ்கியூஎல் ஈடுகொடுக்காததால் எழுதியது. இரண்டும் சொந்தத் தலைவலியில் பிறந்தவை, இரண்டும் நல்லவை. உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதையே எடுங்கள். ரெஸ்யூமேவுக்காகப் புது டூலைக் கொண்டுவந்தால் இரவு 2 மணி அலெர்ட்டும் உங்களுக்குத்தான். 2024 மார்ச்சில் ரெடிஸ் லைசென்ஸை மாற்றியதும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் வால்கீ என்று தனியாகப் பிரிந்தது. பேச்சுவாக்கில் வரும், தெரிந்து வையுங்கள்.

டூலைவிட அதன் செட்டிங் முக்கியம். ரெடிஸின் டிஃபால்ட்டில் மெமரி வரம்பு நிரம்பினால் பழையதை வெளியேற்றாது, புதிதாக எழுத வந்தால் எரர் தரும். கேச்சாகப் பயன்படுத்தினால் ஆல்கீஸ் எல்ஆர்யூ மாதிரி ஒரு பாலிசிக்கு மாற்ற வேண்டும். ப்ரொடக்‌ஷனில் கீஸ் கமாண்டை ஓட்டக் கூடாது, அது முடியும்வரை மற்ற எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ஸ்கேன் பயன்படுத்துங்கள். போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2018 பிப்ரவரி 28-ல் கிட்ஹப்பைத் தாக்கிய நொடிக்கு 1.35 டெராபிட் டிடாஸ், இப்படி எங்கெங்கோ யாரோ திறந்து போட்ட மெம்கேச்டு சர்வர்கள் வழியாக வந்ததுதான்.

9. முடித்த வேலையை யாராவது பார்க்க வேண்டும்.

வேலை பேசும் என்று காத்திருக்காதீர்கள். பேசாது. கேச்சை ஃபீச்சர் ஃப்ளாக்குக்குப் பின்னால் போடுங்கள். முதலில் 10 சதவீத டிராஃபிக்குக்கு மட்டும் திறங்கள். கேச் இல்லாதது, கேச் உள்ளது என்று இரண்டு கிராஃபையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து டீம் சேனலில் போடுங்கள். மூன்று வரி போதும்: என்ன இருந்தது, என்ன ஆனது, ஏதாவது ஆனால் எப்படி ஆஃப் செய்வது. மூன்றாவது வரிதான் மேனேஜர் மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்யும் வரி.

கிளையன்ட் காலில் உங்கள் வேலையை லீட் தன் வேலையாகச் சொல்வது சகஜம். சண்டை போட்டுப் பயனில்லை. காலுக்கு முந்தின நாளே, 'டெமோவை நானே காட்டுறேன், கேள்வி வந்தா நீங்க பாத்துக்கோங்க' என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

ரெஸ்யூமேயில் 'ரெடிஸ் கேச் இம்ப்ளிமென்ட் செய்தேன்' என்று எழுதுவது வீண். எச்ஆர் கண் அதன் மேல் நிற்காது. 'சர்ச் பேஜின் பி95-ஐ 3.8 நொடியிலிருந்து 420 மில்லிசெகண்டுக்குக் குறைத்தேன். டேட்டாபேஸ் குவெரிகள் மூன்றில் ஒரு பங்காயின' என்ற மாதிரி எழுதுங்கள். உங்கள் சொந்த எண்ணாக இருக்கட்டும். ஊதிப் பெருக்கிய எண்ணை டெக்னிக்கல் ரவுண்டில் மூன்றாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். 'நாங்கள் செய்தோம்' என்று அடக்கமாகப் பேசுவதும் அங்கே எடுபடாது. டீம் செய்ததை டீம் என்றும், நீங்கள் செய்ததை நான் என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

10. ப்ரொடக்‌ஷன் அனுபவமே இல்லையா?

பெஞ்சில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் கேட்பது இது. லேப்டாப் போதும். போஸ்ட்கிரெஸில் ஜெனரேட் சீரீஸ் வைத்து 50 லட்சம் ரோ உள்ள டேபிள் ஒன்றை உருவாக்குங்கள். இன்டெக்ஸ் இல்லாமல் ஒரு சின்ன ஏபிஐ எழுதி, கே6 அல்லது ஜேமீட்டர் வைத்து லோடு கொடுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெக்ஸ் போட்டுவிட்டு மறுபடி. பிறகு டாக்கரில் ஒரு ரெடிஸ் ஏற்றிக் கேச் சேர்த்து மறுபடி. மூன்று எண்ணையும் ஒரு டேபிளாகக் கிட்ஹப் ரீட்மீயில் போடுங்கள்.

அதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். இன்னும் ஒன்று செய்யுங்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெடிஸ் கன்டெய்னரை நிறுத்துங்கள். உங்கள் ஏபிஐ எரர் அடிக்கிறதா, டைம்அவுட்டுக்காகத் தொங்குகிறதா, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எத்தனையில் முட்டி நிற்கிறது என்று பாருங்கள். ரெடிஸ் கனெக்‌ஷனுக்கு 50 மில்லிசெகண்ட் டைம்அவுட் வைத்து, டேட்டாபேஸுக்கு ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் போகலாம் என்று வரம்பு வைத்து, மறுபடி நிறுத்திப் பாருங்கள். இரண்டு கிராஃபையும் ரீட்மீயில் சேருங்கள். இன்டர்வியூவில் 'கேச் விழுந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டால், லேப்டாப்பைத் திறந்து அதைக் காட்டுங்கள்.